நாலு அடுக்கு போர்டு

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆபீஸ் மேசையில் இருந்த மைக்கைப் போட்டாலே, மலைமேல் ஒலிபெருக்கி உர்ரென்று இரையும். வருஷக்கணக்காக அப்படித்தான்.

கொழும்பில் எஞ்சினியராக இருக்கும் ஜீவராணி, லீவில் வந்து அந்த ஒலிபெருக்கிக்குப் புது சர்க்யூட் போர்டு செய்து மாட்டினாள்.

"பழைய போர்டுல கரண்டும் குரலும் ஒட்டிக்கிட்டே ஓடுச்சுங்க, அதான் இரைஞ்சுச்சு. இது நாலு அடுக்கு. மேல குரல், அதுக்கடியில எர்த்து, அதுக்கும் அடியில கரண்டு..."

கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கண்டாக்கு பரமசிவம் கொட்டாவி விட்டார்.

"ஐயா, கொழுந்து நிறுக்கையில ஏங்க எப்பவும் கொறையுது?" என்று கேட்டாள் ஜீவராணி.

"கொழும்புக்குப் போற புள்ள, ஒங்கிட்ட சொன்னா என்ன? ஆளுக்கு ரெண்டு கிலோ கழிச்சு எம் மச்சினி பேருல போட்டுருவேன். மலைக்கே போகாம அவதான் தோட்டத்துல முதல் ஆளு!" சிரித்தார்.

வெளியே பெண்கள் கூடைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"நிறுக்கிற நேரம் இன்னும் ஆகலையே? மைக்கைப் போடு புள்ள, திரும்பிப் போகச் சொல்றேன்."

"போட்டுத்தானுங்க இருக்கு," என்றாள் ஜீவராணி. "குரல் சுத்தமா கேட்டுச்சான்னு எங்கம்மாகிட்டயே கேட்டுக்கலாங்க. முன்னால வர்றாங்க பாருங்க."