ஓட்டுநர் எடை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பட்டறையில் டயர் மாற்றுகிறவர் சொன்னது. அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்று கேள்வி. அதனால் என் பங்குக்கு எதையும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

மகள் இரண்டு டயர்களையும் உருட்டிக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் சாய்த்தாள்.

"பாருங்க. வெளி ஓரம் மொட்டை. உள் ஓரம் இப்பதான் கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு."

அப்பா குனிந்து தடவிப் பார்த்தார். பந்தய ஓடுதளத்தில் ஓடும் ஒற்றை இருக்கைக் கார்களுக்கு முன்சக்கர அலைன்மென்ட் பார்ப்பதுதான் அவர் தொழில். காரின் இரு பக்கமும் நூல் கட்டி, சக்கரம் எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பார். எல்லோருக்கும் அவர் 'நூல்காரர்'.

"அளவு சரியாத்தான்மா இருந்துச்சு."

"அப்ப டயர் பொய் சொல்லுதா?"

அவர் டயரைத் திருப்பி உள் ஓரத்தையும் தடவினார்.

"இது மூணாவது தடவைப்பா. நாளைக்கு கடைசித் தேர்வு, இருபது சுத்து. பாதியில டயர் போச்சுன்னா டீம்ல என் இடமும் போச்சு."

"நாளைக்குப் போகாது."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அண்ணன் உடம்புக்கு முடியாதப்பகூட இதே காரைத்தானே ஓட்டினான்? ஒரு டயராவது இப்படித் தேஞ்சுதா?"

அண்ணன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டறையில் யாரும் அவன் பேச்சை எடுப்பதில்லை.

டயர்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னண்ணே, பையன் வண்டின்னா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பீங்க. பொண்ணு வண்டின்னா ஏனோதானோவா?"

"கேளுங்க நல்லா," என்றாள் மகள். "நான் ஓட்டுறது பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்கப்பா. டயரை விட்டுச் சொல்லாதீங்க."

அப்பா காரை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஷட்டரை இறக்கினார். வேலை நடக்கும்போது யாரையும் உள்ளே விடமாட்டார். காற்றில் நூல் ஆடுமாம்.

"காத்தாவது, நூலாவது!" என்றாள் மகள்.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தவள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிட்டாள். டயர்காரரும் பின்னாலேயே போனார். வேடிக்கை பார்க்கத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஓட்டுநர் இருக்கையில் நான்கு மணல் மூட்டைகள். அவற்றுக்குக் குறுக்கே பெல்ட் போட்டிருந்தது.

மூட்டை வைப்பது வழக்கம்தான். ஆள் ஏறினால் கார் அமுங்கும். அமுங்கினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் ஓட்டுகிறவரின் எடைக்கு மணலை நிறுத்து இருக்கையில் வைத்த பிறகே அளப்பார்கள். அது மகளுக்கும் தெரியும். ஆனால் பெல்ட்டைக் கழற்றி மேலே இருந்த மூட்டையை நகர்த்தப் போனவளுக்கு அது எதிர்பார்த்ததைவிடக் கனத்தது.

டயர்காரரைக் கூப்பிட்டாள். இருவருமாக ஒவ்வொன்றாகத் தூக்கி எடை மேடையில் வைத்தார்கள்.

எண்பத்தொன்று.

"நான் அம்பத்திரெண்டு கிலோப்பா."

"ம்."

"இது அண்ணனோட எடை."

அப்பா நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மாத்த மறந்துட்டேன்மா."

"மூணு தடவையுமா?"

"வயசாகுதில்ல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தன் அளவுக்கு இழுத்துச் சுருக்கினாள்.

"மூட்டை வேணாம். நானே உட்கார்ந்திருக்கேன். நீங்க நூலைக் கட்டுங்க."

ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். அப்பா ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமலேயே வந்தாராம்.

மறுநாள் இருபது சுற்றும் ஓடினாள். டயர் ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. டீமில் இடம் நிலைத்தது.

"பாவம், நூல்காரருக்கு மறதி வந்துடுச்சு. அதைப் புரிஞ்சுக்காம நான் வேற குத்திப் பேசிட்டேன்," என்று டயர்காரர் முடித்துக்கொண்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அரை மில்லிமீட்டரை விடாத மனிதர் இருபத்தொன்பது கிலோவை எப்படி மறப்பார்? போன வாரம் பட்டறைக்குப் போனபோது, அளவு எழுதும் நோட்டை டயர்காரர் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு அலைன்மென்டுக்கும் ஒரு வரி. அதில் 'ஓட்டுநர் எடை' என்று ஒரு கட்டம்.

மகன் ஓட்டிய கடைசி வருடத்தில் நான்கு வரிகள். எண்பத்தொன்று. எழுபத்தாறு. அறுபத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் அவனை நிறுத்து, அவன் இளைத்த அளவுக்கு மூட்டையிலிருந்து மணலை அள்ளி எடுத்திருக்கிறார்.

அதற்கப்புறம் பல பக்கங்களுக்கு வேறு ஆட்களின் கார்கள்.

பிறகு, மகள் முதன்முதலாக ஓட்டிய நாள். அதே கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

ஓட்டுநர் எடை: எண்பத்தொன்று.