வெறுந்தலையோடு வந்த அல்மா

அல்மா வெறுந்தலையோடு வளைவில் திரும்பினாள்.

பின்னால் வந்த இருபத்தொரு மாடுகளும் அப்படியே. பூ இல்லை, ரிப்பன் இல்லை, கழுத்தில் பெரிய மணிகூட இல்லை.

ஊதிக்கொண்டிருந்த பேண்டு பாதியில் நின்றது. கடைசியாக நின்றது டிரம். அடிக்கிறவனுக்கு எப்போதுமே சேதி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

நான் தெருவோரக் கடையில் அப்பம் பொரித்துக்கொண்டிருந்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகள் செப்டம்பரில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டு இறங்கும். மேய்ச்சலில் ஒரு மாடு செத்திருந்தாலும், வீட்டில் ஒரு ஆள் போயிருந்தாலும், அந்த வருஷம் கிரீடம் கிடையாது. எங்கள் மலையில் அதுதான் சட்டம்.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காலையில் இன்ஸ்ப்ருக்கில் தங்கக் கூரை, மத்தியானம் ரோப் காரில் மலை உச்சி, மூன்று மணிக்கு எங்கள் ஊர் மாடு. நாலு பஸ். நோட்டீஸ் படத்தில் மாட்டுத் தலையில் பூ இருக்கிறது, நேரில் இல்லை. ஒரு அம்மாள் ஏமாந்துபோய் என் அப்பத்தைப் படம் எடுத்தாள்.

ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கழற்றிய கையோடு தலையை எண்ணவும் ஆரம்பித்தார்கள்.

இருபத்திரண்டு மாடு. ஜூனில் ஏறியதும் இருபத்திரண்டுதான்.

அப்படியானால் ஆள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது. மொத்தமே மூன்று உருப்படி. என் வீட்டுக்காரன் கஸியன், தடியும் கையுமாக மாடுகளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

எல்லாக் கண்ணும் என் மாமியார் பக்கம் திரும்பியது. அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது அப்பத்தில் இருந்தாள்.

“என்னை எதுக்குப் பாக்கறீங்க? தின்னு முடிக்கறதுக்குள்ள கெளம்பச் சொல்றீங்களா?”

பிறகு கண்கள் மெதுவாக என் பக்கம் வந்தன.

ஜூலையிலிருந்தே நான் கீழேதான் இருக்கிறேன். முழங்கால் வலி, ஏற முடியவில்லை என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தேன். வலி வேறு இடத்தில்.

சுற்றுலாச் சங்கத்து ரைனர் ஓடிவந்தான். அங்கே இருந்ததிலேயே அவன் முகம்தான் நிஜமான எழவு வீட்டு முகம்.

“புர்கி, நாலு பஸ்ஸு நிக்குது. யாருன்னு சீக்கிரம் கேட்டுச் சொல்லு. தூரத்துச் சாவா இருந்தா ரெண்டு மாட்டுக்காவது பூ வெச்சிடலாம்.”

கரண்டியோடு நடுத்தெருவுக்குப் போனேன்.

கஸியன் கெட்டவன் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் இன்ஸ்ப்ருக் போனோம். “நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு” என்று இவனைத் தங்கக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன நான், சித்தி மகளைப் பார்த்த குஷியில் இவனை மறந்து அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருட்டும்வரை நின்றிருக்கிறான். அன்றைக்கு அங்கே எடுத்த படங்களில் பாதியில் அவன் இருப்பான். எந்தெந்த தேசத்தில் யார் யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறானோ.

“என்னய்யா இது? யார் செத்தா?”

தடியை ஊன்றி நின்றான். முகம் முழுக்கத் தாடி. சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான்.

“நீதான்” என்றான்.

ஈ பறக்கிற சத்தம் கேட்டது. மாடுகள் நின்றதால் ஈக்கும் குறைவில்லை.

“நீதானே சொல்லிட்டுப் போன? இனிமே என்னைச் செத்தவளா நெனச்சுக்கோன்னு.”

சொன்னேன்தான். எங்கள் இருபதாவது கல்யாண நாளை மறந்தவன், அதே வாரம் அல்மா கன்று போட்ட நாளை மறக்காமல் அவளுக்கு உப்புக்கட்டி வாங்கிவந்து ஊட்டினான். எவள் பொறுப்பாள்? மலை இறங்கிவிட்டேன். பின்னாலேயே வருவான் என்று தினமும் ஜன்னலில் நின்றேன். செத்தவளைத் தேடி யார் வருவார்கள்?

கரண்டியாலேயே ஒன்று போடத்தான் கை போனது. அப்புறம்தான் உறைத்தது. இவன் பூ வைத்து மாட்டை இறக்கியிருந்தால், நான் போனதில் இவனுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஊர் முன்னால், நாலு பஸ் முன்னால், இந்த மடையன் எனக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறான்.

கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தேன். எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“உசுரோடதான்யா இருக்கேன், எருமை.”

“அப்படியா?” என்றவன், முதுகில் கட்டியிருந்த மூட்டையை இறக்கினான். எங்கள் வீட்டுப் பழைய போர்வை. பிரித்தான்.

கிரீடம். ஊசியிலைக் கொப்பு வளைத்து, காகிதப் பூ கட்டி, கண்ணேறு படாமல் இருக்க நடுவில் கண்ணாடி பதித்தது. இரண்டு மாத வேலை இருக்கும். ஐந்து மணி நேரம் முதுகில் சுமந்து வந்திருக்கிறான்.

“ஒருவேளை நீ உசுரோட இருந்தா வெக்கலாம்னு.”

வாங்கி நானே அல்மாவின் கொம்பில் கட்டினேன். அவள் என் கையை நக்கினாள், கடன்காரி. பேண்டு கிளம்பியது, டிரம் கொஞ்சம் தள்ளிக் கிளம்பியது. பஸ்காரர்கள் கைதட்டினார்கள். நாளைக்கும் இதே நாடகம் உண்டா என்று ஒருவன் ரைனரிடம் விசாரித்தான்.

முடிச்சை இறுக்கும்போதுதான் ரிப்பனைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத் தேதியை அவன் கையாலேயே தைத்திருந்தான்.

ஒரு நாள் தப்பு.

நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு ஒரு பொழுது செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.