சீல் உடையாத டப்பா

"இதென்ன பாய், ரசம் வைக்கிறீங்களா?"

ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு கிருஷ்ணப்பன் கேட்டது, முன்னால் நின்ற நாலு பேருக்கும் நன்றாகவே கேட்டது.

கரீம் பாய் திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்டவ்மேல் அலுமினியக் குண்டான். கொதிக்கிற தண்ணீரில், சற்று முன் புது டப்பாவோடு அவர் உள்ளே எடுத்துப் போன தெர்மோஸ்டாட். பக்கத்தில் ஒரு டால்டா டப்பா. அதில் நசுங்கியும் நெளிந்தும் அதே சாமான் இன்னும் பத்துப் பதினைந்து.

கிருஷ்ணப்பன் தர்மபுரி ஸ்டாண்டில் பத்து வருஷமாக அம்பாசிடர் ஓட்டுகிறவர். வண்டி அடிக்கடி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட் மாற்ற வந்திருந்தார். இன்ஜின் சூடானால் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழிவிடுகிற சின்னச் சாமான். உள்ளங்கையில் அடங்கும். மக்கர் பண்ணினால் இன்ஜினையே காவு வாங்கிவிடும்.

"ஞாயித்துக்கிழமை சேலத்துலருந்து கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டுத் தொப்பூர் மேடு ஏறணும் பாய். எதைப் போடலாம்?" என்று அவர்தான் கேட்டார்.

"எண்பத்திரெண்டு டிகிரி வேணாம்ணே. எழுபத்திநாலு போடுங்க, சீக்கிரம் திறக்கும். செத்த இருங்க" என்று டப்பாவைப் பிரித்துக்கொண்டே உள்ளே போன பாய், கால் மணி நேரமாகியும் வரவில்லை. கிருஷ்ணப்பனுக்கோ பொறுமை எப்போதுமே கொஞ்சம் கம்மி.

"பழசைக் கழுவிப் புது டப்பாவுல போட்டு விக்கிறீங்க. அப்படித்தானே? டால்டா டப்பாவுல இருக்கிறது அடுத்த வாரச் சரக்கா?"

"அது வேறண்ணே. சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

கேட்டால் அவர் கிருஷ்ணப்பனே இல்லை. விடுவிடுவென்று வெளியேறி, வேறொரு கடையில் சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்கி மாட்டினார். ஸ்டாண்டுக்குப் போய் ஒருவர் விடாமல் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்த டால்டா டப்பா ஸ்டாண்டுப் பேச்சில் ஒரு மூட்டையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் மேட்டில் பாதி ஏறும்போது, பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றேவிட்டது.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் காரிமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலடி வைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் புதுப்பெண் பட்டுப்புடவையோடு, மாப்பிள்ளையுடன் ஒரு லாரியில் ஏறிப் போனாள். போய்ச் சேரும்போது மணி ஐந்து. ஆறு மணிவரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டார்களாம்.

தொப்பூரிலிருந்து மெக்கானிக் மாது வந்தான். இன்ஜினைத் தடவிப் பார்த்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான். நேரே ரோட்டோர ஓட்டலுக்குப் போய், ஒரு சட்டியில் கொதிக்கிற தண்ணீர் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டான்.

கிருஷ்ணப்பனுக்குச் சுருக்கென்றது.

"என்ன மாது, கழுவறியா?"

"கழுவறதா? திறக்குதான்னு பாக்கறேனுங்க. இதைப் பரீட்சை பண்ண வேற என்ன வழி இருக்குது?"

இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமான் ஒரு நூல் அளவு திறந்து, அப்படியே நின்றுவிட்டது.

"சீல் உடைக்காத புதுசுப்பா இது!"

"புதுசுலயும் இப்படி வரும். தர்மபுரி கரீம் பாய்கிட்ட வாங்கியிருக்கலாமில்லீங்க? அவரு ஒவ்வொண்ணையும் கொதிக்கவெச்சுப் பாத்துட்டுத்தான் கையில குடுப்பாரு. திறக்காததை வேற யாரும் எடுத்து வித்துடக் கூடாதுன்னு, சுத்தியால நசுக்கி டால்டா டப்பாவுல போட்டுடுவாரு. நஷ்டம் அவருக்குத்தான்."

கிருஷ்ணப்பன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் சொல்ல வந்ததை ஒரு நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

ஸ்டாண்டில் விசாரித்தவர்களிடம், "ரேடியேட்டர் அடைப்பு" என்று சொல்லிவைத்தார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. பதினைந்து நாள் தூக்கம் கெட்ட பிறகுதான் கரீம் பாய் கடைப் படி ஏறினார்.

"பாய், தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க. உங்க கையால ஒண்ணு கொதிக்கவெச்சுக் குடுங்க."

பாய் அவரை உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அப்படியே முன்னால் வைத்தார்.

"ஸ்டவ்வை வூட்டுக்குக் கொண்டுபோயிட்டேண்ணே. சீல் உடைஞ்சிருந்தா இப்ப யாரும் தொடறதில்ல. டப்பா எப்படி வருதோ அப்படியே குடுத்துடறேன். நானும் கடை நடத்தணுமில்லீங்களா?"

"நான் ஸ்டாண்டுல சொல்றேன் பாய். இன்னைக்கே சொல்றேன்."

அதற்குள் ஸ்டாண்டு டிரைவர் அர்ச்சுனன் அவசரமாக உள்ளே வந்தான்.

"பாய், எழுபத்திநாலு டிகிரி தெர்மோஸ்டாட் ஒண்ணு குடுங்க. நாளைக்குக் குடும்பத்தோட சேலம் போறேன். வரும்போது தொப்பூர் ஏறணும்."

கிருஷ்ணப்பன் எழுந்தேவிட்டார். "அர்ச்சுனா, அப்படியே வாங்காதே. பாயைக் கொதிக்கவெச்சுப் பாத்துக் குடுக்கச் சொல்லு."

அர்ச்சுனன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணன் தமாஷைப் பாத்தீங்களா பாய்? நீங்க சீல் உடையாததாவே குடுங்க. அண்ணன் சொல்லித்தானே எங்களுக்கெல்லாம் இந்த விவரமே தெரிஞ்சுது!"