மிலார் போர்த்திய டேலியா

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டாயிற்று. மலைமேல் இருக்கும் தாவரவியல் பூங்காவில் காலை ஏழு மணிக்கே கூட்டம். டேலியாப் பூவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். உறைபனியில் கருகிவிடக் கூடாதென்று தோட்டக்காரர்கள் அதன் தலைமேல் மிலார்ச் செடியை வெட்டிக் கவிழ்த்திருந்தார்கள்.

"ஏ மிலாரு, கொஞ்சம் நகரேன்! மொட்டா இருந்தப்போலேர்ந்து இந்த லீவுக்குத்தானே காத்திருந்தேன். உன் குச்சிக்குள்ளே என்னை யாரு பார்ப்பா?"

"காத்தடிச்சா நகர்ந்துடறேன் தாயி. அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்றது மிலார்.

அப்போது ஒரு புதுப்பெண் பாத்திக்கு முன்னால் வந்து நின்றாள். போட்டோவில் பட்டுப்புடவை தெரிய வேண்டுமாம். ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். அவன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஐந்து தும்மல் போட்டாள். படத்தில் விழுந்தது ஆறாவது தும்மல்.

டேலியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "பைத்தியம்! இந்தக் குளிர்லே யாராச்சும் போர்வையைக் கழட்டுவாங்களா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று வந்தது. மிலார் மெல்லச் சரிந்தது. "இதோ, நகர்ந்துட்டேன் தாயி."

"எங்கே போறே? வெயில் வரட்டும்" என்றது டேலியா, இலையால் அதன் குச்சியைப் பிடித்துக்கொண்டு.