ஷூவுக்குப் பெயர் எழுதிய கட்டம்

என் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு நுழைவுத்தேர்வுக்குப் போன காலையில், கோயிலில் வைத்து எங்கள் தெரு செண்பகவல்லி அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

தேர்வறை வாசலில், வெயிலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. பக்கத்து அலமாரியில், பெயர் எழுதிய கட்டத்தில், ஒரு ஜோடி ஷூ நிழலில் இருந்தது.

"உனக்கென்னம்மா! நீ இதே வளாகத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளையோட ஷூ. வாட்ச்மேனுக்கே உன்னைத் தெரியுது. சீட்டு உங்களுக்குத்தான்" என்று பொருமியது செருப்பு.

"எனக்குத் தெரிஞ்சது தண்ணிக்குழாய் இருக்கிற இடம்தான். கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணு. ஆனா எங்க வீட்டுல இப்பவே ஸ்வீட் வாங்கியாச்சு, சீட்டு கிடைக்கலைன்னா எப்படி வீட்டுக்குப் போறதுன்னு எங்க பிள்ளைக்குப் பயம். உன் பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லையே, குடுத்துவச்சவ நீ" என்றது ஷூ.

மணியடித்தது. ஷூக்காரப் பெண் அழுதுகொண்டே வந்து, இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு போனாள். இன்னும் வெளியே வராத தன் பிள்ளைக்காகக் காத்திருந்த செருப்பு, காலியான அந்த நிழல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், அந்தச் செருப்பைக் கொஞ்சம் நிழலில் தள்ளி வையுங்கள்.