அட்டையில் ஒரே பெயர்

அறிக்கையின் அட்டையைப் பார்த்ததும் மேலாளர் கலைவாணனுக்குப் பரம திருப்தி. போன இரண்டு வருஷமும் அவர்தான், அறிக்கையை எழுதிய இஃப்ஃபத்தின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். இந்த முறை அவர் பெயரை அவளே போட்டிருந்தாள்.

“இப்பதான் பொழைக்கத் தெரிஞ்சுக்கிட்ட.”

“உள்ள ஒருவாட்டி படிச்சுப் பாத்துடுங்க சார்.”

“அதுக்கெல்லாம் நேரமில்ல.”

புதுச்சேரியில் தயாராகும் ஒரு சோப்பு, எண்ணெய் ஆட்டுவதிலிருந்து குப்பைக்குப் போவதுவரை எவ்வளவு கார்பனைக் காற்றில் கலக்கிறது என்ற கணக்கு அது. சுற்றுச்சூழல் விருதுப் போட்டிக்கு வந்த கணக்குகளிலேயே இதில்தான் கார்பன் குறைவு. பீச் ரோடு ஹோட்டலில் விருது விழா.

“ஒவ்வொரு நம்பரும் நானே போட்டது” என்றார் கலைவாணன், மேடையில்.

நடுவராக வந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். “ஃபேக்டரிக்கு கரென்ட் எங்கேருந்து வருது?”

“கவர்மென்ட் கரென்ட்தான் மேடம்.”

“எந்த கவர்மென்ட்? பிரான்ஸ் கரென்ட்னு போட்டிருக்கீங்க. அங்க அணுமின்சாரம், கார்பன் கம்மி. நமக்கு நிலக்கரி. பிரெஞ்சுக்காரன் போயி எழுபது வருஷமாச்சு சார்.”

அரங்கமே சிரித்தது. கலைவாணனின் கண்கள் கடைசி வரிசையில் இஃப்ஃபத்தைத் தேடின.

மின்சாரக் கணக்கில் அவள் முதலில் இந்தியா என்றுதான் போட்டிருந்தாள். அட்டையில் தன் பெயரை அழித்த பிறகுதான் பிரான்ஸ் என்று மாற்றினாள்.