மூணரை நிமிஷம்

“கேட்டுக்கு ஒண்ணு, பின்வாசலுக்கு ஒண்ணு சரி. இத்தனூண்டு வீட்டுக்கு மாடி ஜன்னல்ல எதுக்குடா மூணாவது கேமரா?”

ஏணியில் நின்றபடி டெல்ஃபின் கேட்டார். கீழே மகன் ரோமெல், தானே போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வீடு, தெரு, தெருமுனையில் வாடகை டிரைசிகிள் வண்டிகள் நிற்கும் இடம். அந்த முனையைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் மூன்று வட்டம்.

“மாடியிலேருந்துதான் முனை தெரியும்பா.”

“முனை எதுக்கு? திருடன் கேட்டுக்கு வரட்டும், அங்க பிடிச்சுக்கலாம்.”

ரோமெலின் மனைவி மரிவிக் முந்திக்கொண்டாள். “மூணரை நிமிஷம் முன்னாடியே தெரியணும் மாமா.”

“தெரிஞ்சு? வர்றவனுக்குக் காபி போடப் போறீங்களா?”

மரிவிக் தேவைக்கு மேல் சிரித்துவிட்டு, ரோமெலின் சட்டையைப் பிடித்து சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“மூணரைன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். மாமா கண்டுபிடிச்சுடுவாரா?”

“அப்பா ரொம்ப வெள்ளந்தி. கவலைப்படாதே.”

கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் மாடிப்படிக்கு அடியில், பழைய போர்வைக்குள் படுத்திருந்தது. ஒரு மரக்கரண்டி, ஒரு மர முள்கரண்டி. ஒவ்வொன்றும் மரிவிக் உயரம். முதன்முதலாகச் சொந்த வீட்டுக்கு வந்த மகனுக்கு, ரோமெலின் அம்மா பெர்லிட்டா, மரவேலைக்குப் பேர்போன பாயெட்டே ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செதுக்கி வாங்கிய பரிசு. சாப்பாட்டு மேசைக்கு மேலே இது தொங்கினால் வீட்டில் சோறு குறையாது என்று சொல்லி, ஆணி அடிக்கும் இடத்தையும் அவளே விரலால் தொட்டுக் காட்டினாள்.

மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உட்காரும் மேசை, ஏதோ அரக்கன் வீட்டு மணைப்பலகை மாதிரி சுருங்கிப் போனது. மறுநாளே இறக்கிவிட்டார்கள்.

பெர்லிட்டாவோ சொல்லாமல் வருகிறவள். கையில் பான்சிட் நூடுல்ஸ் தூக்குடன் கேட்டில் வந்து நின்றுதான் குரல் கொடுப்பாள். போன தடவை அவசரத்தில் மாட்டியபோது கரண்டி ரோமெலின் கால் கட்டைவிரலில் விழுந்தது. நேற்று கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கட்டைவிரல் தப்பிக்க வேண்டுமானால் மூணரை நிமிஷம்.

“சுவர் காலியா இருக்கறதப் பார்த்தா அம்மா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமில்ல? அவங்க கொடுத்த ஜாடியை எங்க அத்தை அலமாரிக்குள்ள வெச்சாங்க. எட்டு மாசம் பேச்சு கிடையாது.”

“எனக்கே வெக்கமா இருக்கு ரோமெல். நாலே வாரம் கத்துக்கிட்டு உங்கம்மாவ நான் வரைஞ்ச படம், மேலுதட்டு நிழல் வேற மீசை மாதிரி ஆயிடுச்சு. அதைப் போய் அவங்க வீட்டு ஹால் நடுவுல மாட்டியிருக்காங்க. எப்பப் போனாலும் அங்கேயே இருக்கு. கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், அவ்வளவுதான். நான் நேராக்கிட்டு உட்காருவேன்.”

“அப்பாவப் பாரு, நாம எப்பப் போனாலும் மூச்சு வாங்கிக்கிட்டேதான் கதவைத் திறக்கறாரு. வயசாயிடுச்சு. அவரப் போய் ஏணியில ஏத்தியிருக்கோம்.”

வயசான ஆள் மூன்றாவது கேமராவையும் மாட்டி முடித்து, ரோமெலின் போனை வாங்கி விளையாடிக்கொண்டிருந்தார்.

“நீ போட்ட கோணத்துல மாட்டியிருந்தா சாயங்கால வெயில்ல எல்லா மூஞ்சியும் கரிக்கட்டைதான். திருப்பிட்டேன். இலை ஆடினா மணியடிக்காது, பூனை வந்தா அடிக்காது, மனுஷங்க வந்தா மட்டும் அடிக்கும். முனையைச் சுத்திக் கட்டம் போட்டுட்டேன்.”

“எங்கப்பா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?”

“அவசியம் வந்தா தானா வருது.”

அந்த நேரம் பார்த்துப் போன் கிணுகிணுத்தது. மூன்று தலைகளும் திரையின் மேல் குனிந்தன.

முனையில் ஒரு டிரைசிகிள். அதிலிருந்து பூப்போட்ட குடை இறங்கியது. பின்னால் தூக்கு. அதன் பின்னால் பெர்லிட்டா.

“முதல் போணியே உங்கம்மாதான்,” என்றார் டெல்ஃபின்.

குடியிருப்புக்குள் டிரைசிகிள் விடமாட்டார்கள். முனையிலிருந்து நடந்து, வழியில் ஒவ்வொரு வாசலிலும் நலம் விசாரித்து வர, அவளுக்கு நாலு நிமிஷம் ஆகும். திட்டம் கச்சிதமாக வேலை செய்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. டெல்ஃபினை அப்புறப்படுத்தும் வழி திட்டத்தில் இல்லை.

அரை நிமிஷம் ஓடிவிட்டது. ரோமெல் சுவரைப் பார்த்தான். மரிவிக் மாடிப்படியைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

“மாமா, கொஞ்சம் பின்பக்கம் போய் அந்த ரெண்டாவது கேமராவ...”

“அது நல்லாத்தான் இருக்கு. ஏன் ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கறீங்க? நீ கரண்டியத் தூக்கு. அவன் முள்கரண்டியத் தூக்கட்டும். ஆணி கிட்ட நான் நிக்கறேன்.”

மரிவிக் மாடிப்படிக்கு அடியில் பாய்ந்தாள், ரோமெல் பின்னாலேயே. போர்வை பறந்தது. கரண்டி ஏறியது, முள்கரண்டி ஏறியது, யாருடைய கட்டைவிரலுக்கும் சேதமில்லை. பக்கத்து வீட்டு வாசலில் பெர்லிட்டாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“மாமா,” என்றாள் மரிவிக் மூச்சிரைக்க, “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டெல்ஃபின் இரண்டடி பின்னால் போய், முள்கரண்டி நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“உங்க பைக் மாதாகோயில் முனை திரும்பினதும் என் போனும் இப்படித்தான் அடிக்கும். மீசைக்காரிய கட்டிலுக்கு அடியிலேருந்து எடுத்து மாட்ட எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்மா, ஒரே ஆணிதானே.”